புது கார்டு போட்டால் விமானம் சீராகப் பறக்குமா?

கணினியில் விமானம் ஓட்டும் வாசகர்கள் இந்த முறை அனுப்பிய கேள்விகள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: கிராபிக்ஸ் கார்டை மாற்றலாமா, வேண்டாமா? ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

கேள்வி: மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020 ஓட்டுகிறேன். ரைசன் 5 3600 பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கார்டு, 16 ஜிபி ரேம், 1080பி மானிட்டர். மேலே ஏறிவிட்டால் 55 எஃப்பிஎஸ் (விநாடிக்கு இத்தனை ஃபிரேம், அதாவது படம்) வருகிறது. பெரிய விமான நிலையத்தில் ஏர்பஸ் ஏ320-இல் உட்கார்ந்தால் 24-க்கு விழுந்துவிடுகிறது. ஆர்டிஎக்ஸ் 5070 போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறியில் கார்டு குற்றவாளியாகத் தெரியவில்லை. பத்து நிமிடம் செலவழித்தால் நீங்களே உறுதிசெய்துகொள்ளலாம்.

திரையில் வரும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இரண்டு பேர் உழைக்கிறார்கள். முதலில் பிராசஸர். விமானம் எங்கே இருக்கிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, காக்பிட் திரைகளில் என்ன எண் ஓட வேண்டும், எந்தக் கட்டடமும் எந்த விமானமும் கண்ணில் படும் என்றெல்லாம் கணக்குப் போட்டு, வரைய வேண்டியவற்றின் பட்டியலைக் கார்டிடம் கொடுக்கிறது. கார்டு வரைகிறது. 30 எஃப்பிஎஸ் வேண்டுமானால் ஒரு ஃபிரேமை 33.3 மில்லி விநாடிக்குள் முடிக்க வேண்டும். 60 என்றால் 16.7. இருவரில் யார் தாமதமோ அவருடைய வேகம்தான் உங்கள் கண்ணுக்குத் தெரியும். வேகமான ஆளை இன்னும் வேகமாக்கிப் பயனில்லை.

விமான நிலையத்தில் தாமதிப்பவர் பெரும்பாலும் பிராசஸர்தான். டெர்மினல், வண்டிகள், நிற்கும் விமானங்கள், அதோடு ஏ320-இன் ஆறேழு திரைகள் என்று எல்லாம் அங்கேதான் ஒன்றாகக் குவிகின்றன. சிமுலேட்டரின் முக்கிய வேலைகள் ஒரே த்ரெட்டில் (ஒரே வேலைச் சங்கிலியில்) வரிசையாக நடப்பதால் ஆறு கோர் (கணக்குப் போடும் பகுதி) இருந்தும் ஒரு கோரின் வேகமே எல்லை. அதனால்தான் டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் 35 சதவீதம் என்று காட்டும்போதே அது மூச்சு முட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சதவீதத்தைப் பார்த்துக் கார்டு வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய.

சோதனை இப்படி. ஜெனரல் ஆப்ஷன்ஸில் டெவலப்பர்ஸ் பகுதிக்குப் போய் டெவலப்பர் மோடை ஆன் செய்யுங்கள். மேலே ஒரு மெனுப் பட்டை வரும். அதில் டீபக் என்பதைத் திறந்து டிஸ்ப்ளே எஃப்பிஎஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் மூலையில் ஒரு பெட்டி தோன்றும். 'லிமிடெட் பை மெயின்த்ரெட்' என்றிருந்தால் தடை பிராசஸர். 'லிமிடெட் பை ஜிபியு' என்றிருந்தால் கார்டு. இரண்டும் மாறி மாறி வந்தால் இருவரும் ஏறக்குறைய சமம் என்று பொருள்.

பெட்டி சொல்வதை மட்டும் நம்பாமல் இன்னொரு முறையும் பாருங்கள். எப்போதும் குறையும் அதே விமான நிலையம், அதே கேட், காக்பிட் பார்வை, நேரடி வானிலைக்குப் பதில் ஏதாவது ஒரு நிலையான வானிலை. ஏறியதும் இரண்டு நிமிடம் காத்திருந்து எஃப்பிஎஸ்ஸைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆன்ட்டி-அலையாஸிங் (விளிம்புகளை மழமழப்பாக்கும் தேர்வு) டிஎல்எஸ்எஸ்ஸில் (சிறிதாக வரைந்து பெரிதாக்கும் என்விடியா முறை) இருந்தால் டிஏஏவுக்கு (அப்படிப் பெரிதாக்காத சாதாரண முறை) மாற்றி, ரெண்டர் ஸ்கேலிங்கை (வரையும் படத்தின் அளவை) 100-இலிருந்து 60-க்கு இறக்குங்கள். படம் மங்கும், அது இருக்கட்டும். இந்த மாற்றம் வரைய வேண்டிய பிக்சல்களைத்தான் குறைக்கிறது; பிராசஸரின் கணக்கு ஒன்றும் குறையவில்லை. 24 என்பது 25 ஆனால் கார்டை மாற்றுவது கால்வலிக்குக் கண்ணாடி மாற்றுவது மாதிரி. 24 என்பது 38 ஆனால் கார்டுதான் தடை. பணம் அங்கே போகலாம்.

உங்கள் விஷயத்தில் முதல் விடைதான் வரும் என்று எதிர்பார்க்கிறோம். செலவில்லாத வேலைகளை முதலில் செய்யுங்கள். டெரெய்ன் லெவல் ஆஃப் டீடெயில் (தரைக்காட்சி எவ்வளவு தூரம் வரை நுட்பமாகத் தெரிய வேண்டும் என்ற அளவு) 200-இல் இருந்தால் 100-க்குக் கொண்டுவாருங்கள். விமான நிலையத்தில் அதிகம் பலன் தரும் ஒரே ஸ்லைடர் அதுதான். ஆப்ஜெக்ட்ஸ் லெவல் ஆஃப் டீடெயில், தரையில் நிற்கும் விமானங்கள், வண்டிகள் ஆகியவற்றைக் குறையுங்கள். கிளாஸ் காக்பிட் ரெஃப்ரெஷ் ரேட்டை (காக்பிட் திரைகள் புதுப்பிக்கும் வேகத்தை) மீடியத்தில் வையுங்கள். பயாஸில் (விண்டோஸுக்கு முன் திறக்கும், போர்டின் அடிப்படை செட்டிங்ஸ்) எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் தேர்வு) ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள்: 3200 என்று எழுதி விற்ற ரேம், அதை ஆன் செய்யாவிட்டால் 2133 அல்லது 2400-இல் ஓடிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்திலேயே வேகம் தெரியும்.

செலவு செய்வதென்றால் முதலில் ரேமை 32 ஜிபி ஆக்குங்கள். அடுத்தது பிராசஸர். உங்கள் ஏஎம்4 (பிராசஸர் சாக்கெட்டின் வகை) போர்டிலேயே ரைசன் 7 5800எக்ஸ்3டி அல்லது 5700எக்ஸ்3டி உட்காரும். இவற்றில் எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) 96 எம்பி. உங்கள் 3600-இல் 32 எம்பி. சிமுலேட்டர் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன தரவுகளை ஓயாமல் எடுத்துக்கொண்டே இருக்கும். அவை ரேம் வரை போகாமல் கேஷிலேயே கிடைத்தால் மெயின் த்ரெட்டின் காத்திருப்பு குறைகிறது. விமானச் சிமுலேட்டர்காரர்கள் எக்ஸ்3டி பெயரை விடாமல் சொல்வது இதற்காகத்தான். பழைய பிராசஸர் போர்டில் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். மாற்றிய பிறகு செய்யலாம் என்று விட்டால் திரையே வராமல் போகலாம். 5800எக்ஸ்3டி பெட்டியில் கூலர் வராது. 3600-உடன் வந்த சின்ன கூலர் அதற்குப் போதாது.

அதன் பிறகு அதே கேட்டில் மறுபடி அளந்து பாருங்கள். அப்போது 'லிமிடெட் பை ஜிபியு' என்று வந்தால் கார்டைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: எக்ஸ்-பிளேன் 12 சிமுலேட்டரில் இதே சோதனையை எப்படிச் செய்வது?

பதில்: இன்னும் சுலபம். செட்டிங்ஸில் டேட்டா அவுட்புட் பக்கத்தைத் திறந்தால் பட்டியலின் தொடக்கத்திலேயே ஃபிரேம் ரேட் இருக்கும். அந்த வரிசையில் 'ஷோ இன் காக்பிட்' கட்டத்தை டிக் செய்யுங்கள். திரையின் மேல் இடது மூலையில் ஃபிரேம் நேரம், சிபியு (பிராசஸர்) நேரம், ஜிபியு (கார்டு) நேரம் மூன்றும் விநாடிக் கணக்கில் ஓடும். ஃபிரேம் 0.033, சிபியு 0.032, ஜிபியு 0.018 என்று இருந்தால் கார்டு பாதி நேரம் சும்மா இருக்கிறது. மேகக் கூட்டத்துக்குள் நுழைந்ததும் ஜிபியு நேரம் 0.045-க்கு எகிறினால் அங்கே மட்டும் கார்டு திணறுகிறது. அதற்கு முதலில் ஆன்ட்டி-அலையாஸிங்கை ஒரு படி இறக்கிப் பாருங்கள், எஃப்எஸ்ஆரும் (சிறிதாக வரைந்து பெரிதாக்கும் தேர்வு) இருக்கிறது. சிபியு பக்கம் இடித்தால் வேர்ல்ட் ஆப்ஜெக்ட்ஸ் ஸ்லைடரை இறக்குங்கள்.

இந்தச் சிமுலேட்டரில் 20 எஃப்பிஎஸ்ஸுக்குக் கீழே போனால் படம் மட்டும் தடுமாறுவதில்லை, சிமுலேட்டருக்குள் நேரமே மெதுவாகிவிடும். தனியாகப் பறந்தால் பரவாயில்லை. வாட்சிம் போன்ற ஆன்லைன் வான்வெளியில் உங்கள் விமானம் நிஜ வேகத்தைவிடக் குறைவாக நகர்வது பின்னால் வருபவருக்கு இடைஞ்சல். ஆகவே இங்கே 20 என்பது தாண்டக்கூடாத கோடு.

ரேடியான் (ஏஎம்டி) கார்டு வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எக்ஸ்-பிளேன் வல்கன் என்ற புதிய முறையில் வரைந்தாலும் பல பிளக்இன்கள் (கூடுதலாகச் சேர்க்கும் நிரல்கள்) இன்னும் பழைய ஓபன்ஜிஎல் முறையில்தான் வரைகின்றன. ரேடியானில் காக்பிட் டேப்லெட்டோ திரைகளோ மினுங்கினால் கிராபிக்ஸ் பக்கத்தில் ஓபன்ஜிஎல்லை வல்கனாக மாற்றித் தரும் ஜிங்க் என்ற தேர்வை ஆன் செய்து சிமுலேட்டரை மறுபடி தொடங்குங்கள்.

கேள்வி: ஃப்ளைட் சிமுலேட்டர் 2024, ஆர்டிஎக்ஸ் 3070, 1440பி மானிட்டர். கிளம்பும்போது 50 எஃப்பிஎஸ், அருமையாக ஓடுகிறது. ஒரு மணி நேரம் பறந்து, இறங்கப்போகும்போது 8, 9 என்று படுத்துவிடுகிறது. மூடிவிட்டு மறுபடி திறந்தால் சரியாகிறது. கார்டு பழுதா?

பதில்: பழுதில்லை. அதன் மெமரி நிரம்பி வழிகிறது. கார்டை மாற்றச் சொல்ல நியாயமான காரணம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

உங்கள் கார்டின் 8 ஜிபி மெமரி விநாடிக்கு 448 ஜிபி வேகத்தில் தரவு கொடுக்கும். அது நிரம்பினால் மிச்சத்தை விண்டோஸ் கணினியின் சாதாரண ரேமில் வைக்கிறது. அங்கிருந்து பிசிஐஇ (கார்டையும் போர்டையும் இணைக்கும் பாதை) வழியாக வர வேண்டும், 4.0 தலைமுறையில் 16 லேனிலும் (தடங்களிலும்) விநாடிக்குச் சுமார் 32 ஜிபிதான். பதினான்கில் ஒரு பங்கு வேகம்! எஃப்பிஎஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையாமல் மொட்டைமாடியிலிருந்து விழுவதுபோல் விழுவதற்கு இதுதான் காரணம். கிளம்பிய இடத்தின் டெக்ஸ்சர்கள் (பரப்புகளின் மேல் போர்த்தும் படங்கள்), வழியில் வந்தவை, இறங்கும் விமான நிலையம் என்று சேர்ந்துகொண்டே போய் கடைசியில் உடைகிறது. மூடித் திறந்தால் மெமரி காலியாகிறது, சரியாகிறது.

உறுதிசெய்ய டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், ஜிபியு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பறந்து பாருங்கள். அடியில் டெடிகேட்டட் ஜிபியு மெமரி, ஷேர்டு ஜிபியு மெமரி என்று இரண்டு கோடுகள். டெடிகேட்டட் 7.6, 7.7 என்று உச்சியில் ஒட்டிக்கொண்டு, ஷேர்டு கோடு 0.3-இலிருந்து 2, 3 என்று ஏற ஆரம்பிக்கும் அந்த நிமிடமே உங்கள் எஃப்பிஎஸ் சரியும்.

இன்றைக்கே செய்யக்கூடியது: டெக்ஸ்சர் ரெசல்யூஷனை அல்ட்ராவிலிருந்து மீடியத்துக்கு இறக்குங்கள். மேகத்தையோ நிழலையோ குறைப்பது இந்த நோய்க்கு மருந்தில்லை. பிரவுசர், வால்பேப்பர் செயலி, இரண்டாவது மானிட்டரில் ஓடும் வீடியோ எல்லாமே கார்டு மெமரியில் பங்கு கேட்பவை. பறக்கும் முன் மூடுங்கள். ஃபிரேம் ஜெனரேஷனும் (ஃபிரேம்களுக்கு நடுவில் கார்டு தானே ஒன்றைச் செருகும் வசதி) மெமரி தின்னும்.

மாற்றுவதென்றால் மெமரி எண்ணைப் பார்த்துத்தான் கார்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தச் சிமுலேட்டருக்கு அதன் தயாரிப்பாளர்களே கொடுத்த தேவைப் பட்டியலில் குறைந்தபட்சம் 4 ஜிபி, பரிந்துரை 8, உகந்தது 12 என்று இருக்கிறது. நம் கருத்து இன்னும் கறாரானது: 1440பி-க்கு 12 ஜிபி போதும், 4கே அல்லது விஆர் (கண்ணில் மாட்டும் ஹெட்செட்) என்றால் 16. 3070-ஐ விட்டுவிட்டு 8 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ-க்குப் போவது அதே வீட்டில் அறை மாறுவது. அதே கார்டு 16 ஜிபியிலும் வந்திருக்கிறது. பெட்டியில் பெயர் ஒன்றுதான், எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். ரேடியானில் ஆர்எக்ஸ் 7800 எக்ஸ்டி, 9070, 9070 எக்ஸ்டி மூன்றுமே 16 ஜிபி.

ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 6600 போன்ற கார்டுகளின் இணைப்பு நீளமாக இருந்தாலும் உள்ளே 8 லேன்தான் வேலை செய்யும். பழைய பிசிஐஇ 3.0 போர்டில் இது விநாடிக்குச் சுமார் 8 ஜிபி ஆகிவிடும். மெமரி வழியாதவரை வித்தியாசம் தெரியாது. வழிந்தால் அடி இரட்டிப்பு.

கேள்வி: கார்டு ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டி, 1080பி-யில் நிம்மதியாக ஓடுகிறது. 4கே டிவியில் பார்க்க ஆசை. அல்லது மூன்று 1080பி மானிட்டர்களைச் சேர்த்து வைக்கலாமா? கார்டு தாங்குமா?

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். 1080பி-யில் 20.7 லட்சம் பிக்சல். 1440பி-யில் 36.9 லட்சம். 3440 × 1440 அகலத் திரையில் 49.5 லட்சம். மூன்று 1080பி சேர்ந்தால் 62.2 லட்சம். 4கே 82.9 லட்சம், அதாவது இப்போதைப்போல் சரியாக நான்கு மடங்கு. பிக்சல் கூடுவது கார்டின் தலையில்தான் விடியும். பிராசஸருக்கு அவ்வளவாகத் தெரியாது.

மூன்று மானிட்டர் விஷயத்தில் ஒரு பிசகு. மூன்றையும் ஒரே அகலக் காட்சியாக விரித்தால் ஓரங்களில் படம் இழுபட்டுத் தெரியும். ஒவ்வொரு மானிட்டருக்கும் தனித்தனிக் கோணத்தில் காட்சி எடுத்தால் இழுபடாது. ஆனால் காட்சியை மூன்று முறை கணக்கிட வேண்டியிருப்பதால் பிராசஸரும் மாட்டிக்கொள்ளும். அப்போது எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் தீராது.

உங்களுக்கு எங்கள் யோசனை 1440பி அல்லது அகலத் திரை, இருக்கும் கார்டோடு. 4கே-தான் வேண்டுமென்றால் முதலில் எஃப்எஸ்ஆரை குவாலிட்டியில் வைத்துப் பாருங்கள். உள்ளே 2560 × 1440-இல் வரைந்து 4கே-க்குப் பெரிதாக்குவதால் கார்டின் சுமை பாதிக்கும் கீழே வரும். தூரத்து ஓடுபாதை விளக்குகளும் காக்பிட்டின் சின்ன எழுத்துகளும்தான் முதலில் தேயும். அது உங்கள் கண்ணுக்கு உறுத்தினால் 16 ஜிபி கார்டுக்குப் போகலாம்.

கேள்வி: ஃபிரேம் ஜெனரேஷன் இருக்கும் கார்டு வாங்கினால் எஃப்பிஎஸ் இரண்டு மடங்காகும் என்பது உண்மையா, ஏமாற்றா?

பதில்: இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். நிஜமாக வரைந்த இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவில் ஒன்றைக் கார்டு தானே ஊகித்துச் செருகுகிறது. அதற்குப் பிராசஸர் தேவையில்லை. ஆகவே மெயின் த்ரெட் திணறும் விமான நிலையத்திலும் இது பலன் தரும். கார்டை மாற்றுவதால் பிராசஸர் தடையைத் தாண்ட இருக்கும் ஒரே சந்து இது. சுடும் விளையாட்டுகளில் கை அசைவுக்கும் திரைக்கும் நடுவில் கூடும் தாமதம் பெரிய குறை. 180 முடிச்சு வேகத்தில் நிதானமாக இறங்கும் விமானத்தில் பலருக்கு அது தெரிவதே இல்லை.

ஆனால் அடிப்படை எஃப்பிஎஸ் சுமார் 30-க்கு மேலாவது நிலையாக இருக்க வேண்டும். 18-ஐ 36 ஆக்கினால் எண் மட்டும்தான் அழகு. கையில் ஸ்டிக் ரப்பர் மாதிரி இழுக்கும். காக்பிட் திரையில் வேகமாக உருளும் உயர எண்கள் கலங்கித் தெரிவதையும் பார்க்கலாம். அடிப்படையே விக்கி விக்கி வந்தால் செருகிய ஃபிரேம்களும் சேர்ந்து விக்கும்.

என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் ஃபிரேம் ஜெனரேஷன் ஆர்டிஎக்ஸ் 40 வரிசையிலிருந்துதான் உண்டு. விண்டோஸ் கிராபிக்ஸ் செட்டிங்ஸில் ஹார்டுவேர்-ஆக்சிலரேட்டட் ஜிபியு ஷெட்யூலிங் ஆன் ஆகியிருக்க வேண்டும். சிமுலேட்டர் 2020-இல் டைரக்ட்எக்ஸ் 12-உம் வேண்டும். இல்லையென்றால் அந்தத் தேர்வே சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும்.

கேள்வி: ஐ5-12400எஃப், 550 வாட் பவர் சப்ளை. கார்டுதான் தடை என்று சோதித்துப் பார்த்துவிட்டேன். ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ போடப்போகிறேன். பவர் சப்ளையையும் மாற்றியாக வேண்டுமா?

பதில்: மாற்றிவிடுங்கள். கார்டு 300 வாட், பிராசஸர் உச்சத்தில் 117, போர்டு, ரேம், எஸ்எஸ்டி, விசிறிகள் எல்லாம் சேர்ந்து 60, 70. கூட்டினால் 480 சொச்சம், 550-க்குள் அடங்குகிறதே என்று தோன்றும். சிக்கல், கார்டு இழுக்கும் மின்சாரம் சமமாக இருப்பதில்லை என்பதுதான். மில்லி விநாடிக்கும் குறைந்த நேரத்துக்குக் குறித்த அளவைத் தாண்டி எகிறும். அந்த நொடியில் பவர் சப்ளையின் பாதுகாப்பு குறுக்கிட்டால் கணினி பட்டென்று அணைந்துவிடும். நீலத் திரையும் வராது, பிழைச் செய்தியும் வராது. இறங்கும்போது ஒரே இருட்டு. இந்தக் கார்டுக்கு என்விடியா சொல்வது 750 வாட். ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 என்று குறித்ததாக வாங்குங்கள்; இந்தத் திடீர் எகிறலைத் தாங்கும்படி வகுத்த தரம் அது.

மாற்ற மனமில்லையென்றால் 200 வாட் எடுக்கும் ஆர்டிஎக்ஸ் 4070-ஐப் பாருங்கள். அதற்கும் அதிகாரபூர்வப் பரிந்துரை 650-தான். தரமான 550-இல் 12400எஃப் போன்ற சிக்கனமான பிராசஸரோடு ஓடிவிடும் என்பது எங்கள் கணிப்பு.

கேபிளில்தான் அதிகப் பேர் தவறுகிறார்கள். மாடுலர் (கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய) பவர் சப்ளையை மாற்றும்போது பழைய கேபிள்களைக் கேபினெட்டுக்குள்ளேயே விட்டுவிட்டுப் புது பவர் சப்ளையை மட்டும் செருகாதீர்கள். முனை ஒரே மாதிரி பொருந்தும். உள்ளே கம்பி வரிசை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறு. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் எஸ்எஸ்டி கருகிய கதைகள் அப்படி வந்தவை. 8 பின் முனை ஒவ்வொன்றும் 150 வாட், ஸ்லாட் 75 வாட் என்பது கணக்கு. இரண்டு 8 பின் கேட்கும் கார்டுக்கு ஒரே கேபிளின் இரட்டை வாலைப் போடாமல் தனித்தனிக் கேபிள் கொடுங்கள். 16 பின் முனை என்றால் நேராகப் பிடித்து, கார்டுக்கும் முனைக்கும் நடுவில் இடுக்கே தெரியாதவரை அழுத்துங்கள். க்ளிக் சத்தம் சில கேபிள்களில் வராது. கண்ணால் பார்ப்பதுதான் சோதனை. முனையிலிருந்து மூன்றரை சென்டிமீட்டர் வரை கேபிளை மடக்காதீர்கள். அரைகுறையாக உட்கார்ந்த முனையில் சில பின்கள் மட்டும் முழு மின்சாரத்தையும் சுமந்து சூடேறி உருகும்.

கேபினெட்டில் கார்டுக்கான நீளத்தை, முன் விசிறி அல்லது ரேடியேட்டரின் தடிமனைக் கழித்து அளந்து பாருங்கள். பக்கவாட்டு மூடிக்கும் கார்டின் விளிம்புக்கும் நடுவிலும் அந்தக் கேபிள் வளைய இடம் வேண்டும். அதை யாரும் அளப்பதில்லை.

கேள்வி: குவெஸ்ட் 3 விஆர் ஹெட்செட் வாங்கியிருக்கிறேன். ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ போதுமா?

பதில்: போதாது. ஒரு கண்ணுக்கு 2064 × 2208. இரண்டும் சேர்த்து 91 லட்சம் பிக்சல், 4கே-யைவிட அதிகம். லென்ஸின் வளைவைச் சரிக்கட்ட உள்ளே அதைவிடப் பெரிதாக வரைந்தால்தான் படம் கூர்மையாக இருக்கும். கணினியோடு இணைக்கும்போது அத்தனையையும் வீடியோவாகச் சுருக்கி அனுப்பும் வேலையும் கார்டுடையது. உங்கள் கார்டில் மெமரியும் 8 ஜிபிதான். விஆரில் மட்டும் நாங்கள் கார்டுக்குத் தயங்காமல் வாக்களிப்போம்: 16 ஜிபி, கையில் உள்ள பணத்துக்குக் கிடைப்பதில் பெரியது.

அதுவரை ஹெட்செட்டை 72 ஹெர்ட்ஸில் வைத்து, பாதி ஃபிரேமைத் தானே நிரப்பும் ஏஎஸ்டபிள்யூ-வோடு 36 எஃப்பிஎஸ்ஸுக்குப் பூட்டுங்கள். ஒரு ஃபிரேமுக்கு 27.8 மில்லி விநாடி கிடைக்கும். 2024-இல் ஃபோவியேட்டட் ரெண்டரிங்கையும் ஆன் செய்யுங்கள். ஓரங்களைக் குறைந்த நுட்பத்தில் வரைந்து சுமையைக் குறைக்கும்.

கேள்வி: பழைய மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ், அதாவது எஃப்எஸ்எக்ஸ்தான் ஓட்டுகிறேன். புதுக் கார்டு உதவுமா?

பதில்: உதவாது. 2006-இல் வந்த 32 பிட் நிரல் அது. 4 ஜிபி முகவரி எல்லையைத் தாண்டினால் 'அவுட் ஆஃப் மெமரி' என்று விழும். கார்டில் 24 ஜிபி இருந்தாலும் விழும். கார்டுக்கு வைத்திருக்கும் பணத்தைப் புதுச் சிமுலேட்டரும் பிராசஸரும் வாங்க வைத்திருங்கள்.

கேள்வி: லேப்டாப்பில் கார்டை மாற்ற முடியுமா?

பதில்: ஏறக்குறைய எல்லா லேப்டாப்பிலும் போர்டோடு பற்றவைத்திருப்பார்கள், முடியாது. புது லேப்டாப் பார்க்கிறீர்கள் என்றால் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் கார்டு 35 வாட்டிலும் உண்டு, 115 வாட்டிலும் உண்டு. ஆர்டிஎக்ஸ் 4090 லேப்டாப்பில் 16 ஜிபி, மேசைக் கணினியில் 24. இருக்கும் லேப்டாப்பில் சார்ஜரைச் செருகி, பெர்ஃபார்மன்ஸ் மோடில் வைத்து, பின்பக்கத்தை ஓர் அங்குலம் தூக்கிவைத்துப் பாருங்கள். காசில்லாமல் கிடைப்பது அவ்வளவுதான்.

கேள்வி: பழைய ஆர்டிஎக்ஸ் 3080 ஒன்று மலிவாக வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: முதலில் அது 10 ஜிபியா, 12 ஜிபியா என்று. 3080 இரண்டிலும் வந்தது. சிமுலேட்டருக்கு 12 நல்லது. இரண்டாவது, ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் நிரலைத் திறந்து கார்டின் பெயருக்கு முன் ஃபேக் என்று வருகிறதா பாருங்கள். கார்டுக்குள் இருக்கும் பயாஸை மாற்றி வேறு பெயர் ஏற்றிய கார்டுகளை அது பெரும்பாலும் பிடித்துவிடும். பிறகு அரை மணி நேரம் சுமை கொடுங்கள். சென்சார் பக்கத்தில் ஜிபியு வெப்பத்துக்கும் ஹாட்ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான புள்ளி) வெப்பத்துக்கும் நடுவே 25 டிகிரிக்கு மேல் இடைவெளி இருந்தால் தெர்மல் பேஸ்ட் (வெப்பம் கடத்தும் பசை) காய்ந்திருக்கிறது. மெமரி ஜங்ஷன் (மெமரி சிப்பின் உட்புற) வெப்பம் 110 டிகிரியைத் தொட்டால் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தெர்மல் பேடு மாற்ற வேண்டும். இவை இரண்டும் சரிசெய்யக்கூடியவை, விலை பேச உதவும். திரையில் வண்ணப் புள்ளிகளோ கட்டங்களோ மின்னினால் மெமரி சிப் போய்க்கொண்டிருக்கிறது. வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுங்கள்.

ஜிடிஎக்ஸ் 1080 டிஐ-யையும் சிலர் கேட்டிருக்கிறார்கள். 11 ஜிபி இருந்தும் டிஎல்எஸ்எஸ் கிடையாது. அந்த வரிசைக்குப் புது விளையாட்டுகளுக்கான டிரைவர்களையும் என்விடியா 2025-இல் நிறுத்திக்கொண்டது. இனி அதில் பணம் போட வேண்டாம்.

கேள்வி: அளந்து பார்த்து, கார்டுதான் தடை என்று தெரிந்து, புது கார்டும் போட்டாயிற்று. எஃப்பிஎஸ் கிட்டத்தட்ட பழையபடியே இருக்கிறது. எங்கே தவறு?

பதில்: சிரிக்காதீர்கள், முதலில் மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். போர்டின் பின்பக்கத் துளையில் இருந்தால் படம் பிராசஸரோடு சேர்ந்த கிராபிக்ஸ் வழியாக வந்துகொண்டிருக்கும். அடுத்து, கார்டு எந்த ஸ்லாட்டில் இருக்கிறது? பிராசஸருக்கு அருகில் உள்ள மேல் ஸ்லாட்தான் 16 லேன். கீழ் ஸ்லாட் நீளமாக இருந்தாலும் பல போர்டுகளில் 4 லேன்தான். ஜிபியு-இசட்டில் பஸ் இன்டர்ஃபேஸ் வரியைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 1.1 என்று காட்டினால் பதற வேண்டாம். பக்கத்திலுள்ள கேள்விக்குறியை அழுத்திச் சுமை கொடுத்தால் உண்மையான எண் வரும்.

அதுவும் சரியென்றால் பூட்டைத் தேடுங்கள். விசிங்க் (எஃப்பிஎஸ்ஸை மானிட்டரின் வேகத்தோடு பூட்டும் தேர்வு) ஆன், என்விடியா கண்ட்ரோல் பேனலில் மேக்ஸ் ஃபிரேம் ரேட் 30, ரிவாட்யூனர் நிரலில் பழைய வரம்பு என்று எப்போதோ நீங்களே போட்ட பூட்டு எங்காவது தொங்கும். எஃப்பிஎஸ் அசையாமல் சரியாக 30.0 என்று நின்றால் இதுதான்.

புதுக் கார்டைக் கண்டதும் சிமுலேட்டர் தானாகவே கிராபிக்ஸ் தரத்தை உயர்த்தி வைத்துவிடுவதும் உண்டு. டெரெய்ன் லெவல் ஆஃப் டீடெயில் சத்தமில்லாமல் ஏறியிருந்தால் தடை பிராசஸருக்கு மாறியிருக்கும். பழைய செட்டிங்ஸை ஒரு புகைப்படம் எடுத்து வைத்திருந்தால் ஒப்பிட்டுவிடலாம். இல்லையென்றால் முதல் பதிலில் சொன்னதுபோல் கையால் இறக்குங்கள்.

டிரைவர் மிச்சங்களையும் துடையுங்கள், முக்கியமாக ரேடியானிலிருந்து என்விடியாவுக்கோ திருப்பியோ மாறியிருந்தால். புது டிரைவரை முதலில் இறக்கி வைத்துக்கொண்டு, இணையக் கேபிளைப் பிடுங்கி, விண்டோஸை சேஃப் மோடில் திறந்து டிடியு என்ற நிரலால் பழையதை அகற்றி, பிறகு புதியதை நிறுவுங்கள். இணையத்தை விட்டுவைத்தால் நடுவில் விண்டோஸ் தானே ஒரு பழைய டிரைவரைப் போட்டுவிடும்.

பயாஸில் அபவ் 4ஜி டீகோடிங், ரீசைஸபிள் பார் (பிராசஸர் கார்டின் மெமரி முழுவதையும் ஒரேயடியாக அணுக உதவுபவை) இரண்டும் ஆன் ஆகியிருக்கட்டும். இவற்றுக்கு சிஎஸ்எம்-ஐ (கணினியைப் பழைய முறையில் தொடங்க விடும் தேர்வு) அணைக்க வேண்டியிருக்கும். விண்டோஸ் பழைய எம்பிஆர் வட்டு முறையில் நிறுவப்பட்டிருந்தால் சிஎஸ்எம் அணைந்ததும் கணினி விண்டோஸைத் தேடிக் கிடைக்காமல் நிற்கும். டிஸ்க் மேனேஜ்மெண்டில் வட்டு புதிய ஜிபிடி முறையில்தான் இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

புது கார்டில் முதல் இரண்டு மூன்று பயணங்களில் விக்கல் இருக்கும், ஷேடர் கேஷ் (காட்சியை வரைய முன்கூட்டித் தயார்செய்து சேமிக்கும் நிரல் துண்டுகள்) புதிதாக உருவாகும் நேரம் அது. அது அடங்கிய பிறகு, பழைய கார்டில் எண்ணைக் குறித்த அதே கேட்டில், அதே வானிலையில் மறுபடி குறியுங்கள்.